மூன்றாவது கொட்டகைக்கு வழி

செப்டம்பர் 14

அன்புள்ள மச்சானுக்கு,

மாப்பிள்ளையின் வணக்கம். நாங்கள் மூவரும் இங்கே சுகமாக வந்து சேர்ந்தோம். உங்கள் உடம்பும் அக்காவின் கழுத்து வலியும் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள்.

பட்டாளத்தில் கொடுத்த குவார்ட்டர்ஸ் மூன்றாம் மாடியில் இருக்கிறது. மேல் வீட்டுக்காரர் பூட்ஸோடு நடந்தால் எங்கள் டம்ளர்கள் ஆடுகின்றன. காலை ஆறரைக்கு யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வண்டிப் பட்டறைக்குப் போகிற உங்கள் தங்கை, சாயங்காலம் விரலிடுக்கில் கிரீஸோடு வருகிறாள். நடுவில் இருக்கிற பதினோரு மணி நேரத்தை நானும் குழந்தை குண்டூசியும் தள்ள வேண்டும். நாலு வயதில் அவள் கேட்கிற கேள்விகளுக்கு நாங்கள் வைத்த பேர் சரியாகத்தான் இருக்கிறது. எங்கே தொட்டாலும் குத்துகிறாள்.

இந்த நாட்டில் நான் வேலை பார்க்கக் கூடாதாம், பாஸ்போர்ட்டிலேயே முத்திரை குத்திவிட்டார்கள். சர்வே ஆபீசில் பன்னிரண்டு வருஷம் மேப் போட்ட கை இப்போது இரட்டைப் பின்னல் போடுகிறது. கோடு நேராக வருகிறது, பின்னல்தான் கோணல். போன வாரம் முகாமின் மனைவிமார் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது, ‘அன்புள்ள சகோதரிக்கு’ என்று. போனேன். பதினெட்டு பெண்கள், நான் ஒருத்தன். செயலாளராக்கி விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஊர் சுற்றினோம். பெரிய மணிக்கூண்டு, ஆற்றுப் பாலம், அப்புறம் ஐந்து மாடிக் கடை. நகரும் படியைக் குண்டூசி அங்கேதான் முதல்முறை பார்த்தாள்.

“அப்பா, இந்தப் படி எங்க போகுது?”

“மேல.”

“மேல போயி?”

“சுத்திக் கீழ வரும்.”

“அப்ப எதுக்குப் போகுது?”

எனக்கும் அன்றிலிருந்து அதே யோசனைதான்.

குழந்தைக்குச் சிவப்பு ஷூ வாங்கினோம். உங்கள் தங்கை கருவிகள் விற்கும் மாடியில் அரை மணி நேரம் நின்றாள். ஒரு செப்புக் கம்பிச் சுருளை எடுத்து, கையில் எடை பார்த்து, திரும்ப வைத்தாள். நீங்கள் இருவரும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை என்பதற்காக நான் அவளை விட்டுவிட்டு எழுத முடியாது. மன்னியுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு.

உங்கள் மாப்பிள்ளை

அக்டோபர் 3

மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதுறது.

நான் சுகம். உங்க அக்காவுக்குக் கழுத்து தேவலை, இப்பல்லாம் தலையை நல்லா திருப்பி என்னை முறைக்கிறா. நீங்களும் குழந்தையும் எப்படி? குழந்தைக்குக் குளிர் ஒத்துக்குதா?

உங்க கடிதத்தைக் கடைக்கு எடுத்துட்டு வந்து படிச்சேன். மத்தவங்களைப் பத்தி எழுதினதையும் படிச்சேன். எழுத வேணாம்னு நான் சொல்லலை. அந்தக் கம்பி எத்தனை கேஜ் தடிமன்? சும்மா கேட்டேன்.

கடைக்கு மோட்டார் காயில் கட்டக் குடுக்க வர்றவங்க எல்லாம், ‘உங்க வீட்டு ஆளுங்க எந்தப் பக்கம் இருக்காங்க’ன்னு கேக்குறாங்க. நான் கையை மேற்கால நீட்டுறேன். உங்க அக்கா உள்ளேர்ந்து ‘அது கிழக்கு’ங்கிறா. மானம் போகுது.

நீங்க மேப் போடுற ஆளு. உங்க வீட்டுலேர்ந்து அந்தப் பட்டறை வரைக்கும் வழி போட்டு ஒரு தாள்ல அனுப்புங்க. ரோடு அகலமா குறுகலா, எங்கெல்லாம் தாண்டணும், எத்தனை நிமிஷ நடை, எல்லாம் இருக்கட்டும். குழந்தை எந்த இடத்துல இருக்குன்னு எனக்குத் தெரியணும்ல. அதுக்குத்தான்.

குழந்தைக்கு மாமாவோட முத்தம்.

மச்சான்

அக்டோபர் 25

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். சுகம், சுகம் அறிய ஆசை.

கேட்டதற்கு மிகவும் நன்றி. உண்மையாகவே சொல்கிறேன், இரண்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை இது. ஆறு நாள் நானும் குண்டூசியும் தெருத் தெருவாக நடந்தோம். நான் அடியை எண்ணினேன், அவள் நாய்களை எண்ணினாள். எழுதுபொருள் கடைக்குப் போய் நல்ல பென்சிலும் மெல்லிய தாளும் வாங்கினேன். மேப்பை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கீழே இடது மூலையில் இருப்பது எங்கள் வீடு. ரொட்டிக் கடை, தையல்கடை, பொம்மைக் கடை என்று வரிசையாகப் போட்டிருக்கிறேன். பொம்மைக் கடை வாசலில் ஒரு சின்னக் குறி இருக்கும். குண்டூசி தினமும் நின்று அழும் இடம். அப்புறம் ரயில்வே கேட், அதைத் தாண்டினால் முகாமின் வேலி. வாசல் வரைதான் என்னை விடுவார்கள். உள்ளே இருப்பதை வேலி ஓரமாக நடந்து பார்த்துப் போட்டேன். வாசலிலிருந்து மூன்றாவது கொட்டகை, தகரக் கூரை, அதுதான் உங்கள் தங்கை வேலை செய்யும் பட்டறை. வீட்டிலிருந்து இரண்டாயிரத்து நூற்றுப் பத்து காலடி. அவள் நடையில் பதினாறு நிமிஷம், குண்டூசி நடையில் ஒரு மணி நேரம்.

உங்கள் கடிதத்தை மூன்றாக மடித்து மேசையில் வைத்திருந்தேன். மறுநாள் நான்காக மடிந்திருந்தது. இந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

எல்லோருக்கும் அன்பு.

உங்கள் மாப்பிள்ளை

டிசம்பர் 2

மாப்பிள்ளைக்கு,

இங்க எல்லாரும் நல்லாருக்கோம். அங்க எப்படின்னு தெரியலை, அதான் எழுதுறேன்.

முன்னெல்லாம் நீங்க ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் எழுதுவீங்க. இப்ப ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைப் பாத்தாலே சைக்கிளை அடுத்த தெருவுல திருப்புறாரு. நேத்து ஒரு மோட்டாருக்கு முப்பத்தாறு சுத்துக்குப் பதிலா நாப்பது சுத்திட்டேன். அவுத்துத் திரும்பக் கட்டினேன். மேப் போட நேரம் இல்லேன்னா விடுங்க, அது ஒண்ணும் அவசரம் இல்லை. ‘நல்லாருக்கோம்’னு ஒரு வரி போடுங்க. குழந்தைக்குக் காய்ச்சலா?

உங்க அக்கா விசாரிச்சதா சொல்லச் சொன்னா. அவளும் வாசலைப் பாத்துக்கிட்டேதான் இருக்கா.

மச்சான்

டிசம்பர் 20

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். நாங்கள் எல்லோரும் சுகம். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. தாமதத்துக்கு மன்னிக்கவும். சங்கத்து வேலை அதிகம்.

மேப் போட்டேன். மை கொட்டிவிட்டது. திரும்பப் போட முடியவில்லை. இனி அதைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மூவரும் மிருகக்காட்சிசாலை போனோம். காலை ஒன்பது மணிக்கே போய்விட்டதால் கூட்டமே இல்லை. கரடி தூங்கிக்கொண்டிருந்தது. உங்கள் தங்கை ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு அடுத்த கூண்டுக்குப் போனாள், ஏதோ கணக்கெடுக்க வந்தவள் மாதிரி. பதினோரு மணிக்கு எல்லா மிருகமும் முடிந்துவிட்டது. “அடுத்து எங்க?” என்றாள். குண்டூசியைத் தூக்கிக்கொண்டு துறைமுகம் போனோம். அங்கேயும் கப்பல்கள் சீக்கிரம் முடிந்துவிட்டன.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை

ஜனவரி 6

மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் நல்லாருக்கோம்.

மை கொட்டிருச்சுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க பன்னெண்டு வருஷம் மேப் போட்டவரு. கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதும்போதே பக்கத்துல மை ஒத்துற தாள் வெச்சுக்கிட்டு எழுதின ஆளு. உங்க கையில மை கொட்டாது.

மேப் வராததுக்கு யார் காரணம்னு எனக்குத் தெரியும். ‘அவனுக்கு எதுக்கு வழி’ன்னு கிழிச்சுப் போட்டிருப்பாங்க. நீங்க நல்ல மனுஷன், அதை என்கிட்ட சொல்ல மாட்டீங்க. யூனிஃபார்ம் போட்டுட்டா கூடப் பொறந்தவன் கால் தூசு. சரி. இருக்கட்டும். இனிமே அந்த வீட்டுல உங்களையும் குழந்தையையும் தவிர எனக்கு வேற யாரையும் தெரியாது. இதை அந்தம்மா படிச்சாலும் எனக்குக் கவலை இல்லை.

குழந்தைக்கு முத்தம்.

மச்சான்

ஜனவரி 24

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். சுகம்.

உங்கள் கடிதத்தை ஒளித்து வைக்க நினைத்தேன். முடியவில்லை. தபால் வரும்போது அவள் வீட்டில்தான் இருந்தாள். படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, “கடைக்குப் போலாமா?” என்றாள்.

போன வாரம் முழுக்க ஊர் சுற்றினோம். திங்கள் மீன் காட்சிசாலை, புதன் கலங்கரை விளக்கம், இருநூற்றுப் பன்னிரண்டு படி. வியாழன் குண்டூசிக்கு மழைக்கோட்டு வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் கோட்டின் கை நீளமாக இருக்கிறது என்றாள் உங்கள் தங்கை. வெள்ளிக்கிழமை போய் மாற்றினோம். சனிக்கிழமை நிறம் சரியில்லை என்றாள். கடைக்காரப் பெண் எங்களைப் பார்த்ததுமே அலமாரியைத் திறந்தாள். திரும்பி வரும் வழியில் குண்டூசி கேட்டாள்:

“அம்மா, நாளைக்கும் கோட்டு மாத்தப் போறோமா?”

“நாளைக்குக் கடை லீவு.”

“உனக்கு ஆபீஸும் லீவா? ஏன் தினம் லீவு?”

அவள் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் நான் கிட்டத்தட்ட ஓடினேன்.

மச்சான், ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் எதையும் கிழிக்கவில்லை. அவளைப் பற்றி அப்படி எழுதாதீர்கள். உங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் அவள் படிக்கிறாள். முன்னாலும் அப்படித்தான்.

உங்கள் மாப்பிள்ளை

பிப்ரவரி 8

மாப்பிள்ளைக்கு,

சுகம் விசாரிக்கிறதை அப்புறம் வெச்சுக்கலாம்.

உங்க ரெண்டு கடிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சேன். செவ்வாய் கரடி. திங்கள் மீனு. புதன் விளக்கு. வியாழன், வெள்ளி, சனி கோட்டு. எந்தப் பட்டாளத்துல வாரம் பூரா லீவு குடுக்குறான்?

உங்க அக்கா ‘உடம்பு சரியில்லையோ’ங்கிறா. உடம்பு சரியில்லாத ஆளு இருநூறு படி ஏறாது.

என்ன ஆச்சு? மறைக்காம எழுதுங்க. ராத்திரி பகல்னு இல்லாம நடந்துக்கிட்டே இருக்கேன். கடையில உக்கார முடியலை.

மச்சான்

பிப்ரவரி 20

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விசாரணை நடப்பதை வெளியே எழுதக் கூடாது என்று உத்தரவு இருந்தது. அதனால்தான் கரடியையும் கோட்டையும் எழுதிக்கொண்டிருந்தேன். நேற்று அதிகாரியிடம் கேட்டு அனுமதி வாங்கினேன். இதையும் அவர்கள் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும்.

மை கொட்டியது பொய். மேப்பை அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி உங்களுக்கு அனுப்பினேன். முகாம் தபாலாபீசில் பிரித்து, கடிதத்தோடு பிடித்து வைத்துக்கொண்டார்கள். வேலி, வாசல், உள்ளே கொட்டகைகள், எல்லாம் அளவோடு, அடிக்கணக்கோடு. எவனோ உளவு பார்த்துப் போட்டது மாதிரியே இருந்திருக்கும். பட்டாளத்துக் குடும்பத்தில் இருக்கிற எனக்கு அந்தப் புத்தி இருந்திருக்க வேண்டும். ஆறு நாள் சந்தோஷத்தில் கண் தெரியவில்லை.

மறுவாரமே உங்கள் தங்கையைப் பட்டறைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முடிவு தெரியும்வரை முகாமுக்குள் கால் வைக்கக் கூடாது. ஜனவரியில் அவளுக்குத் தோளில் இன்னொரு பட்டை வர வேண்டியது. வரவில்லை. என்னைத் திட்டினால்கூட நிம்மதியாக இருக்கும். ஒருநாள் நானே கேட்டேன்.

“எம்மேல கோபமா?”

“நீங்க மேப்பை மோசமா போட்டிருந்தா யாரும் கண்டுக்கிட்டிருக்க மாட்டாங்க. நல்லா போட்டீங்க. அதான் பிரச்சினை,” என்றாள். அவ்வளவுதான். உடனே ஷூவை மாட்டிக்கொண்டு, “மியூசியம் பத்து மணிக்குத் திறப்பான்,” என்றாள். வீட்டில் உட்கார்ந்தால் மேல் வீட்டு பூட்ஸ் சத்தம் கேட்கிறது, மச்சான். வேலைக்குப் போகிற பூட்ஸ். அது கேட்காத தூரத்துக்கு எங்களை இழுத்துக்கொண்டு போகிறாள்.

போன வாரம் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். மேப் யாருக்கு என்று கேட்டார்கள். என் மச்சானுக்கு, இவளுடைய அண்ணனுக்கு என்றேன். அண்ணனும் தங்கையும் கடைசியாக எப்போது பேசினார்கள் என்றார் தலைமை அதிகாரி. நான் வாயைத் திறக்கும் முன் அவளே சொன்னாள்: “ஆறு வருஷமா பேசலை, சார்.”

“ஆறு வருஷமா பேசாத ஆளுக்கு, தங்கச்சி எந்தக் கொட்டகையில வேலை பாக்குறாங்கன்னு எதுக்குத் தெரியணும்?”

  நீங்கள் கேட்டது குழந்தை இருக்கும் இடம் தெரியவேண்டும் என்றுதான். ஆனால் குழந்தை கொட்டகையில் இல்லையே.

மார்ச் இருபதாம் தேதி கடைசி விசாரணை. உங்களிடம் பதில் இருந்தால் நேரடியாக அதிகாரிக்கே எழுதலாம் என்று சொல்லியிருக்கிறார். விலாசம் தனித் தாளில் இருக்கிறது. எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம். எழுதும்படி உங்களைக் கேட்கக் கூடாது என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அக்காவுக்கு அன்பு.

உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 3

மதிப்புக்குரிய விசாரணை அதிகாரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருக்க வேண்டும்.

நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். எட்டாவது வரை படித்தவன். எனக்கு நம்ம பாஷை மட்டும்தான் எழுதத் தெரியும், அதுவும் பேசுகிற மாதிரிதான் வரும். யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

மேப் கேட்டது நான். மாப்பிள்ளை மேல தப்பு இல்லை. பாப்பா மேல சுத்தமா தப்பு இல்லை. பாப்பாங்கிறது என் தங்கச்சி. அவகிட்ட நான் எதுவுமே கேக்கலை.

ஆறு வருஷமா பேசாதவனுக்கு எதுக்கு மேப்புன்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்விதான். எங்கப்பா போனப்ப எனக்கு இருபது வயசு, பாப்பாவுக்கு ஒன்பது. நான்தான் வளத்தேன். கடையிலயே வளந்தா. பட்டாளத்துல சேரப் போறேன்னு அவ வந்து நின்னப்ப, போரு குண்டுன்னு எனக்குப் பயம். ‘இந்த வாசப்படியைத் தாண்டினா எனக்குத் தங்கச்சியே இல்லை’ன்னு சொன்னேன். ஒரு கோபத்துல சொல்றதுதான். அவ தாண்டிட்டா. அவ கல்யாணத்துக்குப் போனேன், சாப்பிட்டேன், அவ முகத்தைப் பாக்காம வந்துட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு மாசமும் அடுத்த மாசம் பேசலாம்னு நினைச்சேன். நாளாக நாளாகக் கஷ்டமாயிருச்சு.

ஐயா, அவளுக்கு ரோட்டைப் பாக்காம தாண்டுற பழக்கம். பத்து வயசுல ஒரு சைக்கிள்ல அடிபட்டா. இடது முழங்கால்ல தழும்பு இருக்கும், வேணும்னா பாத்துக்குங்க. வெளிநாட்டுல வண்டியெல்லாம் வேகமா வரும்கிறாங்க. அவ தினம் போற வழியில எத்தனை ரோடு தாண்டணும்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும். அவளைப் பத்திக் கேக்க எனக்கு வாய் வரலை. அதனால குழந்தை பேரைச் சொல்லி மேப் கேட்டேன். கொட்டகை எந்த நாட்டுக் கொட்டகை, உள்ள என்ன வண்டி நிக்குது, அதெல்லாம் எனக்கு எதுக்கு? அவ நடந்து போயி, நல்லபடியா உள்ள நுழையிற இடம் எதுன்னு பாக்கணும். அவ்வளவுதான்.

தண்டனை குடுக்கணும்னா எனக்குக் குடுங்க. எங்க வரணும்னு சொன்னா வர்றேன். அவ வேலையை எடுத்துறாதீங்க. நான் வேணாம்னு சொல்லியும் போயிச் சேர்ந்த வேலை அது.

இப்படிக்கு,

தங்கள் பணிவான

மோட்டார் கடைக்காரன்

மார்ச் 22

அண்ணனுக்கு,

நான் சுகம். அவரும் குழந்தையும் சுகம். அண்ணிக்குக் கழுத்து வலி குறைந்துவிட்டதாக அவருக்கு நீ எழுதியதைப் படித்தேன். சந்தோஷம்.

உன் கடிதம் விசாரணைக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. மொழிபெயர்க்க வர வேண்டியவர் வரவில்லை. மூன்று அதிகாரிகள் கலந்து பேசி, நானே சத்தியம் செய்துவிட்டு வாசித்து, அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும் என்றார்கள். பிறகு ஆள் வைத்துச் சரிபார்ப்பார்களாம். அதுவரை அந்தக் கடிதத்தை நான் பார்க்கவில்லை. நின்றுகொண்டு, ஒவ்வொரு வரியாக, அவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து வாசித்தேன்.

‘பாப்பா’ வந்ததும், அது யார் என்றார் ஓரத்தில் இருந்தவர். நான்தான் சார் என்றேன். முப்பத்திரண்டு வயதுப் பாப்பா. அவர் அதையும் எழுதிக்கொண்டார். முழங்கால் தழும்பு வந்ததும் தலைமை அதிகாரி அவசரமாகப் பேனாவைக் கீழே வைத்து, “காட்ட வேண்டாம், காட்ட வேண்டாம்,” என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

‘அடுத்த மாசம் பேசலாம்னு நினைச்சேன்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.  “என்ன எழுதியிருக்கிறது?” என்றார். “குடும்ப விஷயம், சார்.” “எல்லாமே குடும்ப விஷயம்தான். படியுங்கள்,” என்றார். படித்தேன்.

முடிவு இது. மேப்பை எரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு எச்சரிக்கை. எனக்கு எழுத்துமூலமாகக் கண்டனம், பதிவேட்டில் இருக்கும். பட்டை இன்னும் இரண்டு வருஷத்துக்கு இல்லை. வேலை போகவில்லை. மே மாதம் எங்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். நம் ஊருக்கு ஒரு நாள் ரயில் பயணத்தில் இருக்கிற டிப்போவுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

இதுவரை நடந்ததை எழுதினேன். இனி நான் சொல்ல வேண்டியது. நீ என்னைக் காப்பாற்றியிருக்கிறாய், அதற்கு நன்றி. ஆனால் எனக்குக் கோபம் போகவில்லை. ஆறு வருஷமாக ஒரு வரிக்குக் காத்திருந்தேன். குழந்தை பிறந்தபோது காத்திருந்தேன். நீ அதையெல்லாம் எழுதினாய், ஆனால் எனக்கு எழுதவில்லை. முன்பின் தெரியாத ஒரு அதிகாரிக்கு எழுதினாய். உன் மனசில் என்ன இருக்கிறது என்பதை மூன்று பேர் முன்னால் அட்டென்ஷனில் நின்று நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நானும் எழுதியிருக்கலாம் என்று நீ சொல்வாய். ஆமாம், எழுதியிருக்கலாம். நீ சொன்ன வார்த்தை அது. நீதான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

எனக்கு ஒரு கடிதம் எழுது. அவருக்கு வேண்டாம், குழந்தைக்கு வேண்டாம். எனக்கு.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை

ஏப்ரல் 9

பாப்பா,

நாங்க நல்லாருக்கோம். நீ நல்லாருப்பே, இருக்கணும்.

நாலு தாளைக் கிழிச்சுட்டேன். உங்க அண்ணி அஞ்சாவது தாளைக் குடுத்துட்டு, ‘இதுக்கு மேல வீட்டுல தாள் இல்லை’ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அதனால இதுல எழுதுறதுதான்.

அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கறேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. அன்னிக்கு சாயங்காலமே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி வந்தேன். உன் பஸ் போயிருச்சு. இது யாருக்கும் தெரியாது.

அந்த அதிகாரிக்கு எழுதினதுல ஒரு பொய் இருக்கு. நீ சத்தியம் பண்ணிட்டுப் படிச்சதுல பொய் இருக்கேன்னு அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் வரலை. போரு குண்டுன்னு பயந்தேன்னு எழுதினேன். ஊர்ல எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். அது இல்லை. நீ கட்டின காயில் திரும்பி வராது. நான் கட்டினது ரெண்டு மாசத்துல கருகி வரும். கடைக்கு வர்றவங்க ‘தங்கச்சி கையால கட்டட்டும்’னு என் முகத்துக்கு நேராவே சொல்லுவாங்க. உனக்கு அப்ப இருபத்தாறு வயசு. நீ போயிட்டா என்னால தனியா கடை நடத்த முடியாதுங்கிற பயம்தான். உனக்காகப் பயப்படலை. எனக்காகத்தான். அதுக்குத்தான் அப்படிக் கத்தினேன். நீ போனதுக்கப்புறம் கத்துக்கிட்டேன். நாலு வருஷம் ஆச்சு, இப்ப பரவாயில்லை.

இதை நான் நேர்ல சொல்ல மாட்டேன். வாய் வராது. நேர்ல பாக்குறப்ப நான் வேற ஏதாவது பேசிக்கிட்டு இருப்பேன், மழை, கரண்டு, அது இதுன்னு. நீ இதை நினைச்சுக்கிட்டு பொறுத்துக்கோ. கோபம் இருந்தா இருக்கட்டும், கோபத்தோடயே வா.

மாப்பிள்ளைகிட்ட சொல்லு, எம்மேல வருத்தம் வெக்க வேணாம். அங்க அவரு செஞ்ச முதல் வேலைக்கே கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். குழந்தை என்னை எப்படிக் கூப்பிடும்னு தெரியலை. பழக்கமில்லாத மனுஷன்னு ஒளிஞ்சுக்கும். ஒளிஞ்சுக்கட்டும், நான் காத்திருப்பேன்.

ரயில் எந்தத் தேதி, எத்தனை மணின்னு எழுது. முந்தின நாளே ஸ்டேஷன்ல போயி நிப்பேன்னு உங்க அண்ணி கிண்டல் பண்றா. அப்படித்தான் நிக்கப்போறேன்.

உன் அண்ணன்